கயிறு இழுப்பவனின் மூன்றாவது கை

நூதனசாலையில், அதாவது மியூசியத்தில், வேலை செய்தேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே கேட்பது, "செக்கியூரிட்டியோ?" இல்லையென்றால், "அப்ப கிளீனிங்கோ?" அதுவும் இல்லையென்று சொன்னதும் அவர்களுக்குக் கேட்க ஒன்றும் இருக்காது, மகள் என்ன படிக்கிறாள் என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த இரண்டு வேலையிலும் நின்றவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கட்டடம் ஒருநாள்கூடத் திறந்திருக்காது என்பது வேறு விஷயம். நான் செய்தது பழைய தாள்களைப் பழுதுபார்க்கும் வேலை. நானூறு, ஐந்நூறு வருடங்களுக்கு முன் யாரோ வரைந்த சித்திரங்கள், அச்சுப்படங்கள். கிழிந்ததை ஒட்டுவேன், கறையை எடுப்பேன், தடித்த மட்டையில் சன்னல் வெட்டி அதற்குள் சித்திரத்தைப் பொருத்துவேன். எந்த நூதனசாலை என்று எழுதப்போவதில்லை. லண்டனில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

இதை எழுத வைத்தவள் ஆரணி. என் மனைவியின் ஒன்றுவிட்ட சகோதரியின் மகள். நான் இருந்த அதே பட்டறையில் இப்போது வேலை செய்கிறாள். போன மாதம் மனோர் பார்க்கில் ஒரு கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.

"அங்கிள், ஒனஸ்ட்லி, இப்ப எல்லாம் மெஷின்தான். லைட் தானாவே சுத்தி வரும். பேப்பரிலை என்ன பள்ளம் இருந்தாலும் ஸ்கிரீனிலை காட்டும். ஒருத்தரோடையும் ஆர்கியூ பண்ணத் தேவையில்லை, சோ நைஸ்."

அவள் நல்ல பிள்ளை, குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. பள்ளம் தெரிவது ஒரு வேலை. தெரிந்த பிறகு வாயைத் திறப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலையை எந்த மெஷின் செய்கிறது பிள்ளை என்று கேட்க நினைத்தேன், அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே இங்கே சொல்கிறேன்.

நான் லண்டனுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். எட்மண்டனில் ஒரு படச்சட்டக் கடையில் கண்ணாடி வெட்டினேன், பிறகு மட்டை வெட்டினேன். நூதனசாலைக்காரர் அந்தக் கடைக்கு வேலை கொடுத்தார்கள். என் வெட்டைப் பார்த்துவிட்டு ஆளையே கேட்டு எடுத்தார்கள். பகுதிநேரப் படிப்பு, இரண்டு பரீட்சை, ஆறு மாதத் தற்காலிக வேலை என்று அது நீண்டது, அதை முழுதாக எழுதினால் உங்களுக்குக் கொட்டாவி வரும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நான் பிறவியிலேயே இடது கைக்காரன். பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்து எழுத்தை வலது கைக்கு மாற்றினார்கள். கத்தி பிடிக்கிறதையும் படம் கீறுகிறதையும் வாத்தியார் கவனிக்காமல் விட்டதால் அவை இடது கையிலேயே நின்றுவிட்டன.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பிழை விட்டேன். எங்கள் தொழிலில் இருப்பவன் மட்டுமே விடக்கூடிய பிழை. அந்தக் காலத்து அச்சுப்படம் என்பது செப்புத் தகட்டில் கோடு வெட்டி, மை பூசி, ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தி எடுப்பது. அழுத்தும்போது தகட்டின் விளிம்பும் தாளில் பதிந்து, படத்தைச் சுற்றி நாலு பக்கமும் மெல்லிய பள்ளம் விழும். என்னிடம் சுருங்கி நெளிந்த ஓர் அச்சுப்படம் வந்தது. அழகாக்கித் தருகிறேன் பார் என்று அதற்கு ஈரம் காட்டி, மை ஒற்றும் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பாரம் ஏற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வந்து எடுத்தால் தாள் புதுச் சேலைமாதிரி நேராக இருந்தது. தகட்டுப் பள்ளத்தைக் காணவில்லை.

அப்போது பட்டறைக்குத் தலைவியாக இருந்த ஆங்கிலேயப் பெண்மணி சத்தம் போடவில்லை. என் ஆட்காட்டி விரலைப் பிடித்து, பள்ளம் இருந்த இடத்தில் மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்தார். "என்ன தெரிகிறது?" என்றார். "ஒன்றும் தெரியவில்லை" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நான் ஒரு கிழமையில் மறந்திருப்பேன். ஈரமும் பாரமும் சேர்ந்தால் தாளில் உள்ள பள்ளம் மேடெல்லாம் போய்விடும், போனால் திரும்ப வராது. அந்த அவமானத்தோடு அதைப் படித்துக்கொண்டேன்.

இனி டொக்டர் ஹாலம். அவர் எங்கள் பகுதிக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு நாற்பது வயதாகவில்லை. கெட்ட மனிதர் என்று எழுத மாட்டேன். நாலு மொழி வாசிப்பார், தன் கோப்பையைத் தானே கழுவி வைப்பார், என் பெயரைச் சிவபாலன் என்று முழுதாகச் சொல்லப் பழகிக்கொண்டவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் வாயிலிருந்து கட்டளை என்று ஒன்று வந்ததேயில்லை. "உங்களுக்குச் சிரமமில்லை என்றால்" என்று தொடங்கினால் இன்றைக்கே செய் என்று அர்த்தம். "ஒரு யோசனை மட்டும்தான்" என்றால் முடிவு எடுத்தாயிற்று. நீங்கள் சொன்னதை "சுவாரசியம்" என்றால் அது காதில் ஏறவில்லை. "மிகவும் சுவாரசியம்" என்றால் வாயை மூடு. இந்த அகராதியை நான் மனப்பாடம் செய்ய ஆறு மாதம் எடுத்தது. சித்திரத்தைப் பார்க்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து வளைந்து பார்ப்பார். தாளைத் தொட்டு நான் கண்டதில்லை.

2009இல் ஓர் அச்சுப்படம் எப்படி உருவாகிறது என்று காட்டும் கண்காட்சி ஒன்றுக்கு ஆயத்தம் செய்தோம். நடு மண்டபத்துக்கு மறுமலர்ச்சிக்காலப் பெரிய இத்தாலிய ஓவியர் ஒருவரின் அச்சுப்படத்தைத் தெரிவு செய்தார்கள். ஒரு பெரிய கல்தூணை நிமிர்த்துகிற காட்சி. நிறைய ஆட்கள், குதிரைகள், தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஓரத்தில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு இழுக்கிறான். அவன் உடம்பில் பாதியைக் குதிரை மறைத்துவிடும். அதே மனிதனைச் சிவப்புச் சோக்கில் வரைந்த ஒரு தாளும் எங்களிடம் இருந்தது. பள்ளிக்கூடச் சோக்கு என்று நினைக்க வேண்டாம். மண்ணிலிருந்து வெட்டிய காவிக்கல்லைக் குச்சியாகச் சீவி வரைந்தது. அந்தத் தாளில் குதிரை இல்லை. ஆள் முழுதாக நிற்கிறான். இடது குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பியிருக்கிறது, முதுகின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது, தலைக்கு மேலே இரண்டு கையும் இறுகப் பொத்தியிருக்கின்றன. கயிற்றை வரையவில்லை. அவன் எதைப் பிடித்திருக்கிறான் என்பது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

தாளில் அவன் பார்க்கும் பக்கம் ஒன்று, அச்சுப்படத்தில் பார்க்கும் பக்கம் மற்றது. செப்புத் தகட்டில் வலப்பக்கம் வெட்டியது அச்சில் இடப்பக்கம் வரும் என்பதால் அதில் ஆச்சரியப்பட ஒரு புதினமும் இல்லை. முதலில் சோக்கில் ஆளை வரைந்து பார்த்து, பிறகு தகட்டில் வெட்டினார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அப்போதுதான் வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். அரைமணி நேரம் பார்த்தார். இரண்டு பக்கத்தில் தன் கருத்தை எழுதி அனுப்பினார். அவர் வாதம் இதுதான்: உடம்பில் நிழல் போட்டிருக்கும் கோடுகள் மேலே இடப்பக்கத்திலிருந்து கீழே வலப்பக்கத்துக்குச் சாய்கின்றன. இடது கைக்காரனின் கோடு அப்படித்தான் சாயும். ஆனால் இந்த இத்தாலியரின் மற்றச் சித்திரங்களில் எல்லாம் கோடு மறுபக்கம் சாய்கிறது. அவர் வலது கைக்காரர். ஆகவே இது அவர் வரைந்த சித்திரம் அல்ல, அவர் வரைந்ததன்மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தி ஒற்றி எடுத்த படம். ஒற்றினால் எல்லாம் இடவலமாக மாறும், கோட்டின் சாய்வும் மாறும். அசல் தொலைந்துவிட்டது, இது அதன் ஒற்றுப்படம் மட்டும்.

இதை வாசித்துவிட்டு டொக்டர் ஹாலம் என் மேசைக்கு வந்தார். அவர் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழாக்கி எழுதுகிறேன்.

"உங்களுக்குச் சிரமமில்லை என்றால், சிவபாலன், இதை அந்தப் பழைய அட்டையிலிருந்து கழற்றிவிடலாம். ஒற்றுப்படம்தானே, ஏற்கெனவே ஈரத்தில் உண்டானது. குளிப்பாட்டி, அழுத்தி, அச்சுப்படத்துக்குப் பக்கத்தில் ஒரே சட்டத்தில் போடுவோம். பழுப்பும் போய்விடும்."

அந்தத் தாளை முன்பொரு காலத்தில் யாரோ ஒரு தடித்த அட்டையில் பசை பூசி ஒட்டியிருந்தார். அட்டை பழுத்து, பழுப்பு சித்திரத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. நீரில் இட்டால் பசை இளகி அட்டை தானே கழன்றுவிடும். சுலபமான வேலை. சரி என்றுதான் நானும் சொன்னேன்.

ஆனால் நீரில் இட முன் ஒருமுறை பக்கவெளிச்சத்தில் பார்ப்பது என் வழக்கம். தகட்டுப் பள்ளத்தை அழித்த அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு ஒரு தாளையும் நான் அப்படிப் பார்க்காமல் நனைத்ததில்லை. கையைக் கழுவித் துடைத்து நன்றாகக் காய விடுவேன். கையுறை போடமாட்டேன், துணிக்குள் இருக்கும் விரலுக்குத் தாள் பிடிபடாது. சித்திரத்துக்கு மேலே குனிந்து கதைப்பதில்லை. சன்னலுக்குக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, சின்ன விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, தாளுக்கு ஒரு சாண் தள்ளி வைப்பேன். பின்னேர வெயிலில் ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்லுக்கும் நீள நிழல் விழுகிறதல்லவா, அதுமாதிரி தாளில் உள்ள ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் நிழல் விழும். பிறகு விளக்கை மெல்ல மெல்ல நகர்த்தி நாலு பக்கமும் கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது.

இடப்பக்கத்திலிருந்து பார்த்தேன், தாளின் நார் மட்டும் தெரிந்தது. மேலிருந்து பார்த்தேன், பசையின் திட்டுகள். வலப்பக்கம் கொண்டுபோனபோது அவன் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை எழுந்து நின்றது.

நிறமே இல்லாத கை. மழுங்கிய ஊசியால் தாளில் அழுத்திக் கீறிய பள்ளம் மட்டும். தோளிலிருந்து இறங்கி, முழங்கையில் மடங்கி, மணிக்கட்டில் முடிந்தது. வரைந்தவன் முதலில் அந்தக் கையை இடுப்பளவில் வைத்துப் பார்த்திருக்கிறான். சரிவரவில்லை. இழுக்கிற இழுப்பு வரவில்லை. பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்கி, அதைத்தான் சோக்கில் போட்டிருக்கிறான். சோக்குக் கோடு அந்தப் பள்ளத்தைக் குறுக்கே கடந்த இடங்களில் பள்ளத்துக்குள் இறங்காமல் தாண்டிப் போயிருந்தது. மயிரளவு வெள்ளை விட்டிருந்தது. ஒற்றி எடுத்தால் சோக்கு ஒட்டி வரும், பள்ளம் எப்படி வரும்? இந்தத் தாளின்மேல் ஒருவன் குனிந்து நின்று யோசித்திருக்கிறான், மனம் மாறியிருக்கிறான். இதுதான் அசல். நான் இதை நீரில் இட்டுப் பாரம் ஏற்றினால் அந்தக் கை போய்விடும், போன பிறகு நிபுணர் சொன்னதே உண்மையாகிவிடும்.

டொக்டர் ஹாலத்தைக் கூப்பிட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சுவாரசியம்" என்றார். "பழைய மடிப்பாக இருக்கலாம்."

"மடிப்புக்கு முழங்கை இருக்காது, டொக்டர் ஹாலம்."

"கோடுகளின் சாய்வை என்ன செய்வது? வலது கைக்காரர் ஒருவர் இப்படி வரைந்திருக்க முடியாது."

"இடது கைக்காரன் வரைந்திருக்கலாம்தானே. அவருடைய பட்டறையில் வேலைக்கு நின்ற யாராவது. எங்களைப்போல ஆட்கள் அந்தக் காலத்திலும் பிறந்திருப்பார்கள்." நான் ஒரு பென்சிலை இடது கையில் எடுத்து, கழிவு மட்டையில் நிழல் போட்டுக் காட்டினேன். என் கோடு கயிறு இழுப்பவனின் முதுகுக் கோடு சாய்ந்த பக்கமே சாய்ந்தது.

அவர் மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மிகவும் சுவாரசியம். ஆனால் கண்காட்சிப் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது, சிவபாலன். அதில் ஒற்றுப்படம் என்றுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கழற்றிவிட்டால் நல்லது."

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். ஐந்நூறு வருடத்துத் தாள் ஒரு புத்தகத்துக்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதை அவரிடம் காட்டத் தெரியாமல் விளக்கை அணைத்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் மகேந்திரன் அண்ணையிடம் சொன்னேன். அவர் ஹவுன்ஸ்லோவிலிருந்து வருகிறவர், அதே கட்டடத்தில் செக்கியூரிட்டி, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இடியப்பப் பெட்டியைத் திறந்தபடியே கேட்டார்.

"சிவா, உனக்கு விசரே? உந்தப் படத்திலை நிக்கிறவன் உனக்குச் சொந்தமே?"

"சொந்தமில்லைத்தான் அண்ணை. ஆனா நான் தண்ணியிலை போடமாட்டன்."

"நீ போடாட்டி வேறை ஒருத்தன் போடுவான். உன்னை வெளியிலை விட்டிட்டுப் போடுவான். படம் எப்பிடியும் நனையத்தான் போகுது, நீ ஏன் சேந்து நனையிறாய்? பென்சனுக்கு இன்னும் எத்தினை வரியம் கிடக்கு? பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு."

அவர் சொன்னதில் பிழையில்லை. எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. வேலை போனால் அந்த வயதில், அந்தத் தொழிலில், இன்னொரு மேசை கிடைக்காது. மகள் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

அது எப்படிப்பட்ட வசந்தகாலம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி, பாராளுமன்றத்துக்கு முன்னால் தெருவில் எங்கள் சனம் இரவுபகலாக நின்றது. என் மனைவி சாந்தி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அங்கே போவாள். நானும் வார இறுதிகளில் போய் நின்றேன். வியாழக்கிழமை பின்னேரம் அவள் தொண்டை கட்டி, குரலே இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, நேரம் கெட்ட நேரத்தில் இந்தக் கதையை எடுத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அங்கே ஊரே அழிகிறது, நான் ஒரு தாளில் இருக்கும் பள்ளத்துக்கு அழுகிறேன்.

"இதெல்லாம் ஒரு கதையே எண்டு நினைக்கிறீர் என்ன?" என்றேன்.

அவள் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அங்கை நாங்கள் எத்தினை பேர் நிண்டு கத்துறம். ஒருத்தனுக்கும் கேக்கேல்லை. நீங்கள் ஒரு மேசைக்கு முன்னாலை நிண்டு ஒரு சொல்லுச் சொல்லுறதை அவங்கள் கேக்காமல் இருக்க ஏலாது. அப்ப சொல்லுங்கோவன். வேலை போனாப் போகட்டும், பாப்பம்."

அவள் இருமிக்கொண்டு படுக்கப் போய்விட்டாள். நான் எழுதினேன். இரண்டே வரி. அந்தச் சித்திரத்தை நான் நீரில் இட மாட்டேன். மூன்று கிழமை தந்தால் பின்பக்க அட்டையைக் கத்தியால் படை படையாகச் சீவி, ஈரமே படாமல் கழற்றித் தருவேன்.

வெள்ளிக்கிழமை காலை அதை டொக்டர் ஹாலத்தின் கையில் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, மூன்று கிழமை இல்லை என்றார். அன்று பின்னேரமே ஊழியர் விஷயம் பார்க்கும் ஆளணிப் பகுதிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஹாலம், பக்கத்தில் ஆளணிப் பகுதிப் பெண். அவர் முன்னால் என் வேலை விவரத் தாள் கிடந்தது.

"ஒரு சித்திரம் அசலா ஒற்றுப்படமா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையா, மிஸ்டர் சிவபாலன்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"இல்லை."

"அப்படியானால்?"

"தாளைக் கெடுக்காமல் வைத்திருப்பது என் வேலை. உங்கள் முன்னால் இருக்கிற தாளில் அது முதலாவது வரி."

அந்தப் பெண் குனிந்து முதலாவது வரியை வாசித்தார். ஹாலம் தொண்டையைச் செருமினார். "நீங்கள் பார்த்தது பிழையாக இருக்கலாம் என்று ஒத்துக்கொள்வீர்களா?" என்றார்.

"இருக்கலாம். நான் பிழையென்றால் ஒரு பழுப்புப் படம் பழுப்பாகவே இருக்கும். நீங்கள் பிழையென்றால் அந்தக் கையை யாரும் இனிப் பார்க்க மாட்டார்கள். வேறு யாரையாவது கொண்டு செய்விக்கலாம், உங்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நீரில் இட முன் அந்த ஆளையும் கூப்பிடுங்கள், நீங்களும் வாருங்கள், நான் விளக்கைப் பிடிக்கிறேன். எல்லோரும் பார்த்த பிறகு இடட்டும்."

சொல்லிவிட்டு எழுந்து பட்டறைக்குப் போனேன்.

வேறு ஆள் யாரும் செய்யவில்லை. பட்டறையில் இருந்த மற்ற இருவரும் தங்களுக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். வந்து பார்த்தார்களா என்று நான் கேட்கவில்லை, விளக்கு மட்டும் ஒருநாள் இடம் மாறி இருந்தது. கண்காட்சி அந்தத் தாள் இல்லாமலே திறந்தது. அச்சுப்படத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கப் பலகையைத் தொங்கவிட்டு இடத்தை நிரப்பினார்கள். எனக்கு எழுத்தில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கடிதத்தோடு தண்டனையும் வந்தது. ஒரு வருடத்துக்குச் சித்திரங்களில் கைவைக்காமல் மட்டை வெட்ட வேண்டும். படச்சட்டக் கடையில் தொடங்கினவனைத் திரும்பப் படச்சட்டக் கடைக்கே அனுப்பிவிட்டார்கள் என்று மகேந்திரன் அண்ணை பகிடி பண்ணினார். வெட்டினேன். லண்டனில் அந்த வருடம் என்னைப்போல நேராக மட்டை வெட்டினவன் இருந்திருக்க மாட்டான். ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை, ஒருநாள்கூட மன்னிப்பும் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண். வாசிப்பறையில் அந்தத் தாளைக் கேட்டு எடுத்து, தன் கைப்பையிலிருந்த சின்ன விளக்கைப் பக்கத்தில் வைத்தார். பத்து நிமிடத்தில் எழுந்துபோய் ஹாலத்தைக் கூட்டிவந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். படம் எடுத்தார்கள், அளந்தார்கள், கட்டுரை வந்தது. தாள் அசல். அந்த அச்சுப்படத்துக்காகவே வரைந்தது. வரைந்தவர் பெரிய இத்தாலியர் அல்ல, அவர் பட்டறையில் இருந்த, பெயர் தெரியாத ஓர் இடது கைக்காரர்.

நான் கேட்டபடி ஈரம் படாமல் அட்டையைக் கழற்ற எனக்கே வேலை தந்தார்கள். மூன்று கிழமை என்று சொல்லியிருந்தேன், பதினாறு நாளில் முடித்தேன். தாள் சுவருக்கு வந்தது. பக்கத்தில் குறிப்பு வைத்தார்கள். அதில் எழுதியிருந்தது: "அண்மைய ஆய்வில் தெரியவந்துள்ளபடி." சாந்தியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் அந்தக் குறிப்பை இரண்டுதரம் வாசித்தாள்.

"உதிலை உங்கட பேர் எங்கை?"

"போடமாட்டினம்."

"ஏனாம்?"

எனக்குப் பெயர் வேண்டாம், சித்திரம் பிழைத்ததே போதும் என்று எழுதினால் வாசிக்க அழகாக இருக்கும், ஆனால் பொய். எனக்கு வயிறு எரிந்தது. அண்மைய ஆய்வாம். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அண்மைய ஆய்வு எங்கே போயிருந்தது?

என் வேலையின் கடைசிக் கிழமை டொக்டர் ஹாலம் பட்டறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். கையில் ஓர் உறை. அதற்குள் 2009இல் எனக்கு எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தின் பிரதி.

"இது இவ்வளவு காலம் உங்கள் கோப்பில் இருந்திருக்கக்கூடாது" என்றார். "நான் அன்றைக்குப் பார்த்தேன், சிவபாலன். பள்ளத்தைப் பார்த்தேன். மடிப்பு என்று சொல்வது அப்போது எனக்குச் சுகமாக இருந்தது." உறையிலிருந்து கடிதத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். "ஆளணிப் பகுதியில் கதைத்துவிட்டேன். இதை எடுத்துக் கிழித்துவிடுவோம். நீங்கள் போகும்போது உங்கள் பெயரில் ஒரு கறையும் இருக்கக்கூடாது."

அவர் மனதாரத்தான் சொன்னார். அந்த இடத்தில் அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மற்றப் பாதியை வைத்துக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

"கிழிக்க வேண்டாம்."

"ஏன்?"

"இந்தக் கட்டடம் முழுக்கத் தேடினாலும் என் பெயரும் அந்தச் சித்திரத்தின் இலக்கமும் சேர்ந்திருப்பது இந்த ஒரு தாளில்தான். இதை என் கோப்பில் இருந்து எடுங்கள், சந்தோஷம். அந்தச் சித்திரத்தின் கோப்பில் வையுங்கள்."

ஒவ்வொரு சித்திரத்துக்கும் அங்கே ஒரு கோப்பு இருக்கிறது. யார் என்ன கருத்துச் சொன்னார், பட்டறையில் என்ன பழுதுபார்த்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும், பழுதுபார்த்தவரின் பெயர் இருக்காது. உலகத்தில் எந்த மூலையிலிருந்து யார் வந்து சித்திரத்தைக் கேட்டாலும் முதலில் கோப்பைத்தான் கொடுப்பார்கள். ஹாலத்துக்கு நான் கேட்டது என்ன என்று விளங்கியது. முகம் சிவந்தது. அந்தக் கடிதத்தின் அடியில் இருப்பது அவருடைய கையெழுத்து.

"எல்லோரும் வாசிப்பார்களே" என்றார்.

"ஓம்" என்றேன், ஆம் என்பதைத் தமிழிலேயே. அவருக்கு விளங்கிவிட்டது.

அவர் என் மேசையிலிருந்த துளைபோடும் கருவியை எடுத்து, கடிதத்தில் தானே இரண்டு துளை போட்டார். கோப்பை வரவழைத்து, நிபுணரின் இரண்டு பக்கக் கருத்துக்கும் ஆய்வாளரின் கட்டுரைக்கும் நடுவில், திகதி ஒழுங்கில் செருகினார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. கலியாண வீட்டுக்குப் பிறகு ஆரணியைப் பார்க்கச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டேன். கடிதத்தின் இரண்டாவது பந்தியில் இப்படி ஒரு வசனம் வருகிறது: "மேற்படி சித்திரத்தை நீரில் இடுமாறு மேலதிகாரி கேட்டபோது, திரு. சிவபாலன் தெளிவாகவும் எழுத்திலும் மறுத்துவிட்டார்." அந்த வசனத்தில் ஒரு பிழையும் இல்லை.